எண்டர் மேல வெச்ச நட்டு

உக்காருங்க உக்காருங்க, சன்னலோரம் நீங்களே உக்காருங்க. இந்தக் கையை வெச்சுட்டு என்னால அந்தப் பக்கம் ஒடுங்கி உக்கார முடியாதுங்க. பையை மேல போட்டுருங்களேன். பலகாரமா? அப்பச் சரி, மடியிலயே இருக்கட்டும். தாராபுரந்தானுங்களே? நானும் அங்கதான். தெனமும் இதே வண்டி, இதே சீட்டு. எட்டே முக்காலுக்குப் பல்லடத்துல ஏறுனா பத்தேகாலுக்கு எறக்கி உட்டுருவாங்க. பத்தரைக்குப் போலீஸ் ஸ்டேஷன்ல கையெழுத்துப் போடணும்.

தள்ளி உக்காராதீங்க, திருட்டுக் கேசு இல்லீங்க. நிபந்தனை ஜாமீன். தாராபுரத்துலயே தங்கித் தெனம் கையெழுத்துப் போடணும்னு கோர்ட்டுல சொன்னாங்க. லாட்ஜு சாப்பாடு எனக்கு ஒத்துக்காது, அதனால பல்லடத்துல அக்கா ஊட்டுல இருந்துட்டு வந்து போறேன். நீங்க தனியாவா போறீங்க? ஊட்டுக்காரம்மா வரலீங்களா? ஓ, லீவு கெடைக்கலியா. வேலைக்குப் போறவங்க பாடு அப்படித்தானுங்க.

கையில போட்ட கட்டைப் பாக்கறீங்க. பாக்கலாம், தப்பில்ல. ஒருத்தன் மூஞ்சியில குத்துனதுங்க இது. அவனுக்குத் தாடை எலும்பு மூணு எடத்துல உட்டுப்போச்சு, எனக்குக் கையில ரெண்டு எலும்பு. ரெண்டு பேருக்குந்தான் அடி. ஆனா கேசு என் மேல மட்டும்.

ஒண்ணு மொதல்லயே சொல்லிடறேன். நான் கை நீட்டற ஆளே இல்லீங்க. எங்க ஆபீசுல யாரை வேணாக் கேளுங்க, பூபதி எப்படின்னு. பதினாறு வருசத்துல மனுசன் மேல கை வெச்சது மொத்தமே மூணு தடவைதான். ஒண்ணு என்ர மச்சான், அது குடும்ப விசயம். இன்னொண்ணு கொரியர்காரன், போர்டு இருந்த பொட்டியைத் தூக்கி வீசுனான், வாங்கிக்கிட்டான். மூணாவது இவன், டென்னிசன். கீ போர்டு ஒடைச்சது, மானிட்டரைக் குத்துனதெல்லாம் சாமான் மேல காட்டுன கோவம். அதையெல்லாம் இதுல சேக்கக் கூடாது.

என்ன வேலைங்கறீங்களா? கெர்னல் வேலை. கேள்விப்பட்டிருக்க மாட்டீங்க, அதுல ஒண்ணும் தப்பில்ல, என்ர அக்காவே பதினாறு வருசமா நான் கம்ப்யூட்டர் ரிப்பேர் பண்றேன்னுதான் நெனச்சுட்டிருக்குது. ஃபோன் வெச்சிருக்கீங்கல்ல. அதுல படம் தெரியுது, பாட்டு வருது. அதுக்கெல்லாம் அடியில ஒருத்தன் உக்காந்து சிப்புகிட்டயும் கம்பிகிட்டயும் வேலை வாங்கிட்டே இருப்பான். அவந்தான் கெர்னல். உங்க ஃபோன்ல இருக்கறதும் எங்க கம்பெனி செய்யற பொட்டில இருக்கறதும் அடிப்படையில ஒரே கெர்னல்தாங்க. ஆனா ஒண்ணை எடுத்து இன்னொண்ணுல போட்டா ஓடாது. பிராசசர் ஒண்ணொண்ணுக்கும் ஒரு பாசை. ஒரே பிராசசரா இருந்தாக்கூட போர்டு மாறுனாச் சிப்போட காலு, பின்னுங்கறாங்களே, அது மாறிப்போகும். இந்தப் போர்டுல இருபத்திமூணாவது கால்ல வால்வு இருக்கும், அந்தப் போர்டுல அதே கால்ல லைட்டு எரியும்.

அதனால கெர்னலைக் கட்டறதுக்கு முன்னால அதுவே நம்மளைக் கேள்வி கேக்கும். இந்தச் சிப்பு இருக்குதா, ஆமாவா இல்லையா. இந்தச் சாமான் இருக்குதா, ஆமாவா இல்லையா. ஆயிரக்கணக்குல கேக்குமுங்க. ஒவ்வொண்ணுக்கும் பதிலு தெரிஞ்சவந்தான் அந்தச் சீட்டுல உக்கார முடியும். அத்தனை பதிலையும் எழுதி வெச்சா அது ஒரு ஃபைல். அந்த ஃபைலைத்தான் நான் பதினொரு வருசமா வளத்தேன்.

எங்க கம்பெனி கோயம்புத்தூருங்க. பிரஸ் மெசினுக்குப் பொட்டி செய்யறோம். தகட்டை உள்ள வெச்சா மேல இருந்து தலை எறங்கி அமுக்கி வெட்டும், மோட்டாருக்குள்ள போடற தகடெல்லாம் அப்படித்தான் வெட்டறாங்க. அந்தத் தலை எப்ப எறங்கணும், எப்ப நிக்கணும்னு சொல்றது எங்க பொட்டி. முந்நூத்தி நாப்பது மெசின்ல என்ர ஃபைல் ஓடுது. பதினொரு வருசத்துல அதுல ஒரே ஒருத்தன் என்னைக் கேக்காம ஒரு வரியை மாத்துனான். அவன் கீ போர்டை என்ர முட்டி மேல வெச்சு ரெண்டா ஒடைச்சு, ரெண்டு துண்டையும் அவன் டேபிள்லயே அடுக்கி வெச்சுட்டு வந்தேன். அதுக்கப்பறம் எவனும் தொடல. மரியாதைன்னா அது.

ஃபோன் அடிக்குது, இருங்க. எம்.டி. சபாபதி. அடிக்கட்டும். எதுக்கு அடிக்கறாருன்னு அப்பறம் சொல்றேன்.

நல்லாத்தானுங்க போயிட்டிருந்துச்சு. திடீர்னு பழைய சிப்பு வரத்து நின்னுபோச்சு. எங்க தேடியும் கெடைக்கல. எம்.டி. வேற சிப்புல வேற போர்டு ஒண்ணை வாங்கிப்போட்டாரு. பெரிய கலர் ஸ்கிரீன் எல்லாம் வெச்சு. பிராசசரே வேற, காலெல்லாம் வேற. அந்த நேரம் பாத்துத்தான் டென்னிசன் வந்து சேந்தான். மார்த்தாண்டம் பக்கம். எனக்கு ஒரு வயசு எளையவன், வேற கம்பெனியில இதே வேலை பாத்துட்டு வந்தவன். அமைதியா இருப்பான். அந்த அமைதியைப் பாத்தாவே எனக்குப் பத்திக்கிட்டு வரும்.

புதுப் போர்டுக்குக் கெர்னல் கட்டணும். எப்படிக் கட்டறது? என்ர பழைய ஃபைலை எடுத்துப் புதுக் கெர்னலுக்குக் குடுத்தேன். அப்படிக் குடுத்தா அதுக்குத் தெரிஞ்ச கேள்வியை மறுபடி கேக்காது, புதுசா வந்த கேள்வியை மட்டும் கேக்கும். தொள்ளாயிரத்து நாப்பது கேள்வி வந்துச்சு. ஒவ்வொரு கேள்விக்கும் அதுவே ஒரு பதிலும் வெச்சிருக்கும், நமக்குச் சரின்னா எண்டரைத் தட்டுனாப் போதும். தொள்ளாயிரத்து நாப்பது தடவை எவன் தட்டறது? எம் இருபத்திநாலு சைசு நட்டு ஒண்ணு எங்கிட்ட எப்பவும் இருக்கும். கெழங்கு மாதிரி கனமா இருக்கும். அதைத் தூக்கி எண்டர் பட்டன் மேல வெச்சுட்டு டீ குடிக்கப் போயிட்டேன். திரும்பி வந்தா முடிஞ்சிருந்துச்சு.

சிரிக்காதீங்க, இந்தத் தொழில்ல இருக்கறவன் அத்தனை பேரும் செய்யறதுதான். நட்டு வெக்கறவன் நட்டு வெப்பான், வெரலை வெக்கறவன் வெரலை வெப்பான். நான் பழைய போர்டையும் எடுத்து உடல. அதுவும் இருக்கட்டும், இதுவும் இருக்கட்டும், ரெண்டு போர்டுக்கும் ஒரே கெர்னல்னு கட்டுனேன். எம்.டி. கை குடுத்தாரு. தொள்ளாயிரத்து நாப்பது கேள்வியை ஒரு டீயில முடிச்சவன் கோயம்புத்தூர்லயே நான் ஒருத்தனாத்தான் இருப்பேன்.

டென்னிசன் என்ன பண்ணான் தெரியுங்களா? நான் முடிச்சதுக்கப்பறம், தனியா உக்காந்து அந்தத் தொள்ளாயிரத்து நாப்பதையும் ஒண்ணொண்ணா படிச்சான். நாலு நாளு. ஒரு நோட்டுப் போட்டு, நம்பர் போட்டு, எதெது நம்ம போர்டுல இருக்குது, எதெது இல்லைன்னு எழுதுனான். ஒரு மனுசன் கட்டி முடிச்ச ஊட்டுக்குள்ள வந்து செங்கல்லைத் தட்டித் தட்டிப் பாத்தா உங்களுக்கு எப்படி இருக்கும், சொல்லுங்க.

இன்னொண்ணு சொல்லணும், அதைச் சொன்னாத்தான் மிச்சம் புரியும். ஒவ்வொரு சிப்புக்குள்ளயும் ஒரு காவல் நாய் இருக்குது. நெசமாவே அதுக்குப் பேரே அதுதான், வாட்ச்டாக். கெர்னல் உசுரோட இருந்தா ரெண்டு செகண்டுக்கு ஒருக்கா அந்த நாயைத் தட்டிக் குடுத்துட்டே இருக்கணும். தட்டிக் குடுக்கலைன்னா எசமான் செத்துட்டான்னு நாய் முடிவு பண்ணிக்கும். உடனே எல்லா வால்வையும் மூடித் தலையை நிறுத்திப்போட்டு போர்டையே மொதல்லருந்து எழுப்பி உடும். கெர்னல் எப்பவாவது தொங்கிப் போறது, அதாவது அப்படியே நின்னுபோறது, சகஜந்தானுங்க. தொங்குனா நாய் காப்பாத்திரும். ஆனா அந்த நாய் இருக்குதுன்னு கெர்னலுக்கு நாமதான் சொல்லணும்.

அஞ்சாவது நாளு காலையில டென்னிசன் நோட்டைத் தூக்கிட்டு என்ர டேபிளுக்கு வந்தான். எல்லாரும் இருக்காங்க. "சார், அறுநூத்திப் பன்னெண்டாவது கேள்வி. புதுச் சிப்புக்க நாய் உண்டான்னு கேட்டிருக்கு. எண்டர் தட்டினதுல இல்லைன்னு போயிருக்கு"ன்னான்.

நான் ஃபைலைத் தொறந்து காட்டுனேன். நாய்: ஆமா. கண்ணு முன்னால இருக்குது. பதினொரு வருசமா இருக்குது, நானே என்ர கையால போட்ட ஆமா. அவன் அதைப் பாத்துட்டு, "சார், அது பழைய போர்டுக்க நாயாக்கும். புதுசுல அந்தச் சிப்பே கெடையாது. பின்ன எது குலைக்கும்?"னு கேட்டான். பக்கத்துல ரெண்டு பேரு சிரிச்சுட்டாங்க.

அந்த நட்டு கையிலயே இருந்துச்சுங்க. வீசுனேன். புருவத்துல லேசாப் பட்டுது. மூணு தையலு. இல்லீங்க, நான் சொன்ன மூணு தடவையில இது வராது. கை வெக்கலையே, நட்டுதானே பட்டுது.

அதோட உட்டானான்னு பாருங்க. தலையில பிளாஸ்திரியோட மறுநாளும் வந்து நிக்கறான். ஒருக்கா சோதிச்சுப் பாப்போம் சார், ஓடிட்டிருக்கற கெர்னலை வேணும்னே சாகடிப்போம், நாய் எழுப்பி உடுதான்னு பாப்போம், அஞ்சு நிமிச வேலைங்கறான். நான் பெத்து வளத்ததை இவன் சாகடிச்சுப் பாப்பானாம். உன்னை மொதல்ல சாகடிச்சுப் பாக்கறேன்டான்னு சொன்னேன். எம்.டி. வந்து சமாதானம் பண்ணி உட்டாரு. சோதிக்கல. எதுக்குங்க சோதிக்கணும்? ஃபைல்ல இருக்குதே.

அடுத்த வாரமே இன்னொரு ஏற்பாடும் பண்ணேன். இந்த மாதிரி ஆளுங்க என்ர முதுகுக்குப் பின்னால கெர்னலை மாத்திரக் கூடாதுல்ல. புதுப் போர்டுல ஒரு பூட்டு வசதி இருந்துச்சு. என்ர முத்திரை குத்துன கெர்னலைத்தான் அது ஏத்துக்கும், வேற எவன் கட்டுனதைப் போட்டாலும் துப்பிரும். முத்திரைக்குக் கடவுச்சொல் என்ர தலையில மட்டும். எங்கயும் எழுதி வெக்கல.

நாப்பத்தொரு புதுப் போர்டு வெளிய போச்சு.

குண்டடம் வர இன்னும் நேரம் இருக்குதுங்க. அங்க வண்டி அஞ்சு நிமிசம் நிக்கும், டீ குடிக்கறதுன்னா குடிக்கலாம். ஏனுங்க, மூஞ்சி ஒரு மாதிரி இருக்குது? வண்டி ஒத்துக்கலீங்களா? சன்னலைத் தொறந்துக்குங்க.

நீலம்பூர்கிட்ட ஒரு சின்ன யூனிட்டு. மூணு பிரஸ்ஸு. ஒண்ணுல புதுப் போர்டு மாட்டி மூணு வாரம் ஆச்சு, ரெண்டாவதுல மாட்டறதுக்கு நானும் டென்னிசனும் போயிருந்தோம். அந்த யூனிட்டு ஓனரு ஆரம்பத்துலயே கேட்டிருந்தாரு, தனியா ஒரு கட்-ஆஃப் ரிலே போட்டுக்கட்டுமான்னு. எங்க பொட்டி செத்தாலும் அந்த ரிலே தலையை நிறுத்திரும். நாந்தான் வேண்டாம்னேன். நாய் இருக்கறப்ப ரிலே எதுக்குங்க?

ஓடிட்டிருந்த பிரஸ்ல முருகாத்தாள்னு ஒரு அம்மா. நாப்பத்தஞ்சு வயசு இருக்கும். நாங்க போனதும் ஸ்டூலைத் தொடைச்சுப் போட்டுட்டு மறுபடி மெசினுக்குப் போயிருச்சு. அந்த மெசின்ல ரெண்டு கையாலயும் ரெண்டு பட்டனை அமுக்குனாத்தான் தலை எறங்கும். ஒரு கையை எடுத்தாலும் அப்படியே நின்னுரும். கை உள்ள போகக் கூடாதுன்னுதான் அந்த ஏற்பாடு. தகடு கோணிப்போச்சுன்னா பட்டனை உட்டுட்டு, தலை நின்னதும் கையை உட்டு நேரா வெச்சுட்டு, மறுபடி அமுக்குவாங்க. ஒரு நாளைக்கு நூறு தடவை செய்யறது.

பதினொண்ணரை இருக்கும். தகடு கோணுச்சு. அந்தம்மா பட்டனை உட்டுட்டுக் கையை உள்ள உட்டுச்சு. தலை நிக்கல.

நசுங்குன சத்தம் எனக்குக் கேக்கலீங்க. அந்தக் கூரைக்குள்ள மெசின் ஓடறப்ப எதுவுமே கேக்காது. அந்தம்மா வாய் முழுசாத் தொறந்திருக்கறது தெரிஞ்சுது, அவ்வளவுதான். அப்பறம் தகட்டு மேல ரத்தம் வழிஞ்சு முன்னால சொட்டுச்சு. தலை கையை அமுக்கிட்டு அப்படியே நிக்குது, ஏறவும் மாட்டேங்குது. பொட்டி ஸ்கிரீன்ல நேரம் நின்னுபோச்சு. பதினொண்ணு முப்பத்திநாலு. பாத்ததும் புரிஞ்சுது, கெர்னல் தொங்கிப்போச்சு.

நான் சும்மா நிக்கலீங்க. அதை எல்லாரும் மறந்துட்டாங்க. மத்தவங்கெல்லாம் கத்திட்டிருந்தாங்க, நான் ஒருத்தன்தான் வேலையைப் பாத்தேன். லேப்டாப்பை எடுத்தேன், பொட்டியைத் தொறந்தேன், கேபிளைச் சொருகுனேன். கெர்னல் சாகறப்ப எந்த எடத்துல செத்துச்சுன்னு மெமரில எழுதி வெச்சுட்டுத்தான் சாகும். கரண்டை நிறுத்துனா அது அழிஞ்சு போயிரும். அதனால மெயினைத் தொடாதீங்க, மெயினைத் தொடாதீங்கன்னு கத்துனேன். சுச்சுக்கு ஓடுன ஓனரை மார்ல கையை வெச்சுத் தடுத்துட்டேன். ஒரே நிமிசம்னு சொன்னேன். ஒரு நிமிசங்கறது பெரிசுங்களா? அதை எடுத்திருந்தா யாரு மேல தப்புன்னு அன்னைக்கே தெரிஞ்சிருக்கும்.

டென்னிசன் ஓடி வந்து முழங்கையால என்ர நெஞ்சுல இடிச்சுத் தள்ளிட்டு மெயினை எறக்கிட்டான். மொதல்ல அடிச்சது அவன். எழுதிக்குங்க இதை. அப்பறம் அவனும் ஓனரும் கடப்பாறையைக் குடுத்து நெம்பித் தலையைத் தூக்குனாங்க. நாலு வெரலு. கட்டை வெரலு மட்டும் நின்னுச்சு. அந்தம்மா கையை வெளிய எடுத்துப் பாத்துட்டு, கீழ உழுந்து கெடந்த முந்தானையை எடுத்துச் சுத்திக்குச்சு. ரொம்பப் பாவமாப் போச்சுங்க எனக்கு. நானும் மனுசந்தானே. ஆனா லேப்டாப்ல ஒரு வரிகூட வரல.

கேமராவுல பாத்துட்டுச் சொன்னாங்க, நாலு வெரலும் ஒண்ணே முக்கா நிமிசம் அமுங்கிக் கெடந்துச்சுன்னு. சீக்கிரம் எடுத்திருந்தா ரெண்டு வெரலையாவது காப்பாத்திருக்கலாம்னு டாக்டரு சொன்னாராம். அதுக்கு நான் என்ன பண்றது? நெம்பத் தெரிஞ்சவன் நெம்பியிருக்கணும்.

அதுக்கு ரெண்டாம் நாள் எம்.டி. ரூம்ல விசாரணை. நான் ஃபைலைக் கொண்டு போனேன், அந்த ஆமாங்கற வரியைப் பெருசாச் செவத்துல போட்டுக் காட்டுனேன். எம்.டி. தலையாட்டுனாரு. எல்லாம் சரியாப் போயிட்டிருந்துச்சு. டென்னிசன் எந்திரிச்சான். நோட்டைப் பிரிச்சான். அவன் ஒண்ணும் கத்தல, என்னைத் திட்டவும் இல்ல. அறுநூத்திப் பன்னெண்டாவது கேள்வியைப் படிச்சான். அதுக்குப் போன பதிலைப் படிச்சான். அப்பறம் என்னைப் பாத்து, "சார், நீங்க படிச்சிட்டு இல்லைன்னு போட்டிருந்தா அது தப்பு. நீங்க படிக்கவே இல்லையில்லா"ன்னான்.

அவ்வளவுதான் தெரியும் எனக்கு. டேபிளைத் தாண்டிப் போனது ஞாபகம் இருக்குது. மொதக் குத்துல அவன் கண்ணாடி ஒடைஞ்சு கன்னத்துல ஏறிருச்சு. ரெண்டாவதுல செவத்துல மோதுனான். மூணாவதுலதான் ஒடைஞ்சதுங்க, அவனுதும் என்னுதும். என்ர கைக்குள்ளயே அந்தச் சத்தம் கேட்டுச்சு. கீழ உழுந்தான், நான் நிறுத்தல. காலால மிதிச்சேன், வயித்துல, தோள்ல, எங்க படுதோ அங்க. அவன் ரெண்டு கையாலயும் அந்த நோட்டை நெஞ்சோட புடிச்சிருந்தான். மூஞ்சியை மறைச்சிருக்கலாம், திருப்பி ஒரு அடி அடிச்சிருக்கலாம். செய்யல. அதுதானுங்க எனக்கு ஆத்திரம். அடிச்சிருந்தான்னா நான் நிறுத்தியிருப்பேன். வாட்ச்மேனும் எம்.டி.யும் சேந்து என்னை இழுத்தாங்க. நான் நோட்டைப் புடுங்கிட்டேன்.

இப்பவும் என்ர பையிலதான் இருக்குது. போலீசுக்குத் தெரியாது. தொறந்து படிச்சுப் பாத்தீங்களான்னு அக்கா கேட்டுச்சு. எதுக்கு? ரத்தம் பட்ட நோட்டு.

டென்னிசன் ஊருக்குப் போயிட்டான். வாயைக் கம்பி வெச்சுக் கட்டியிருக்காங்களாம், கஞ்சிதான் குடிக்கறானாம். இப்ப எம்.டி. எதுக்குத் தெனம் எட்டுத் தடவை ஃபோன் அடிக்கறாருன்னு கேட்டீங்கல்ல. கேக்கலையா? நாஞ் சொல்றேன். கடவுச்சொல் வேணுமாம். அந்த நாப்பத்தொரு போர்டுக்கும் வேற கெர்னல் ஏத்தணுமாம், முத்திரை இல்லாம ஏத்த முடியாதுல்ல. இருக்கற கஸ்டமருங்ககிட்ட மெசினை நிறுத்துங்கன்னு சொல்லவும் அவருக்குப் பயம், பேரு கெட்டுப்போயிருமாம். அதனால சத்தமில்லாம மாத்திரலாம்னு பாக்கறாரு. நான் ஒண்ணே ஒண்ணுதான் கேட்டேன். டென்னிசன் ஆபீசுக்கு வந்து அத்தனை பேரு முன்னாலயும் தப்பு தன் மேலதான்னு சொல்லணும். சொன்ன அடுத்த நிமிசம் கடவுச்சொல் தரேன். வாயைக் கட்டியிருக்குதேங்கறாரு எம்.டி. எழுதிக் குடுக்கட்டுமே, கை நல்லாத்தானே இருக்குது.

அதெல்லாம் ஓடிட்டுத்தான் இருக்குதுங்க, நீலம்பூர்ல நின்ன ஒண்ணு போக மிச்ச நாப்பதும். ரெண்டு மாசமாச்சு, ஒண்ணும் ஆகல. ஆகாது. ஃபைல்ல நாய் இருக்குது.

ஆமா, உங்க ஊட்டுல எங்க வேலைன்னீங்க? சொல்லலையா? அரசூரா. அங்க என்ன கம்பெனி? மோட்டார் ஸ்டாம்பிங்கா, தகடு வெட்டறதா. அட, நம்ம ஆளுதான். பேக்கிங்லயா? பிரஸ்லயேவா. பக்கத்துல பச்சைக் கலர்ல ஒரு பொட்டி இருக்கும்னு சொல்லியிருக்காங்களா? நீங்களே பாத்திருக்கீங்களா, கம்பெனி ஆயுத பூசைக்குப் போனப்பவா. எங்களுதுங்க அது. அதுல ஓடறது நாந்தான். ஸ்கிரீனு சின்னதா இருந்துச்சா, பெருசா? சின்னதுன்னா பழசு. அப்ப சின்னது. சரி. இப்ப மாத்திட்டாங்களாமா? எப்ப? மூணு மாசம் முந்தியா. கலர் ஸ்கிரீனு வந்திருக்குது, சினிமாப் படமே பாக்கலாம்னு உங்ககிட்டச் சொல்லிச் சிரிச்சாங்களா.

நல்ல போர்டுதாங்க அது.

ஏனுங்க எந்திரிக்கறீங்க? குண்டடம் இன்னும் வரல. பலகாரம் கொட்டுது பாருங்க. உக்காருங்க. ஃபோன்ல யாருக்குப் போடறீங்க? ஊட்டுக்காரம்மாவுக்கா? இப்ப ஷிஃப்டுல இருப்பாங்களே. என்னன்னு சொல்லப் போறீங்க, மெசினைத் தொடாதேன்னா? அப்ப இவ்வளவு நேரம் நான் சொன்னதுல உங்களுக்கு என்ன புரிஞ்சுது? டென்னிசன் சொன்னது சரிங்கறீங்களா? ஃபைல்ல இருக்குதுன்னு நான் எத்தனை தடவை சொன்னேன்? குடுங்க அந்த ஃபோனை. குடுங்கங்கறேன்ல. இடது கைதான், ஆனா மணிக்கட்டை முறுக்கறதுக்கு இது போதுங்க. குடுத்துட்டீங்கல்ல, இதை மொதல்லயே செஞ்சிருக்கலாம்.

கண்டக்டரே, ஒண்ணுமில்லீங்க, நீங்க டிக்கெட்டைப் பாருங்க. பேசிட்டிருக்கோம்.

அழாதீங்க. ஃபோனைத் தரமாட்டேன்னு நான் சொல்லவே இல்லையே. தரேன். ஒரே ஒரு வார்த்தை சொல்லுங்க, தரேன். நீங்க வெளியாளு, உங்களுக்கு நானும் வேண்டியவன் இல்ல, அவனும் வேண்டியவன் இல்ல. முழுசாக் கேட்டீங்க. தப்பு யாரு மேல? சொல்லுங்க. என்னைப் பாத்துச் சொல்லுங்க. யாரு மேல?

டென்னிசன் மேலயா. கொஞ்சம் சத்தமா. கண்டக்டருக்கும் கேக்கட்டும். ஆமா. டென்னிசன் மேல. பாருங்க, பொதுவான ஒரு மனுசன்கிட்டக் கேட்டா ஒரு நிமிசத்துல சொல்றாரு. எம்.டி.க்கு ரெண்டு மாசமாச் சொல்லத் தெரியல. எனக்கு இப்பத்தானுங்க நெஞ்சு லேசாச்சு.

நம்பரைச் சொல்லுங்க, நானே போடறேன். பேரு போட்டு வெச்சிருக்கீங்களா, என்ன பேரு? செல்வராணியா. இதா, போட்டாச்சு. ஸ்பீக்கர்ல போடறேன், நீங்களும் கேளுங்க.

ரிங் போகுது.

எடுப்பாங்க, இருங்க. மெசினை நிறுத்திட்டு வந்துதானே எடுக்கணும். ஃபோனை எங்க வெப்பாங்க? டிபன் பைக்குள்ளயா.

கட்டாயிருச்சு. மறுபடியும் போடறேன். கம்பெனி நம்பரு எதுவும் உங்ககிட்ட இல்லீங்களா? கூட வேலை செய்யறவங்க நம்பரு? யோசிச்சுப் பாருங்க. யாருமே இல்லீங்களா?

போகுதுங்க, ரிங் போயிட்டேதான் இருக்குது. எடுக்க மாட்டேங்கறாங்க. அவுங்க மேல தப்பில்லீங்க. மெசின் ஓடறப்ப அங்க எதுவும் கேக்காது.